மேலே விரைவுச்சாலை, கீழே மக்காச்சோள அடுப்பு: நைரோபி வழியாக முறைசாராப் பொருளாதாரம்

கென்யாவின் தலைநகர் நைரோபியில் நகரத்துக்கு மேலேயே ஒரு சாலை ஓடுகிறது. ம்லோலோங்கோ என்ற இடத்தில் ஏறினால் விமான நிலையப் பக்கமாக வந்து, நகர மையத்தை உரசிக்கொண்டு போய், வெஸ்ட்லண்ட்ஸில் இறங்கலாம். மொத்தம் 27 கிலோமீட்டர். 2022 மே மாதம் மக்களுக்குத் திறந்தார்கள். கட்டியது ஒரு சீன நிறுவனம். பணம் போட்டதும் அதேதான். போட்ட பணத்தை 27 ஆண்டுகள் சுங்கம் வசூலித்து எடுத்துக்கொள்வது ஒப்பந்தம். இந்தச் சாலையில் யாரும் நடந்து போக முடியாது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கைவண்டி எதுவும் ஏறக் கூடாது. வழியில் நிறுத்தி ஆள் ஏற்றவும் இடம் கிடையாது.

அதற்கு நேர் கீழே பழைய சாலை அப்படியே இருக்கிறது. அங்கே வேனும் பஸ்ஸும் ஆள் கூப்பிடுகின்றன. தள்ளுவண்டிக்காரர் காய்கறி மூட்டையோடு போகிறார். ஓரத்தில் ஒருவர் மக்காச்சோளம் சுட்டு விற்கிறார், பக்கத்தில் ஒருவர் செருப்புத் தைக்கிறார். மேலே இருப்பதைப் பொருளாதார நூல்கள் 'உட்கட்டமைப்பு' என்கின்றன, கீழே நடப்பதை 'முறைசாராப் பொருளாதாரம்' என்கின்றன. இரண்டையும் தனித்தனி அத்தியாயத்தில் படித்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் மேலே ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கீழே ஒருவருடைய அடுப்பு இடம் மாறுகிறது. அது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தச் சொல். 'முறைசாரா' என்ற பெயருக்கு வயது ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் 1960களில் கானாவின் தலைநகர் அக்ராவில், நீமா என்ற ஏழைக் குடியிருப்பில் தங்கி ஆராய்ச்சி செய்தார். புள்ளிவிவரப்படி வேலையில்லாதவர்கள் என்று எழுதப்பட்டிருந்தவர்களை அவர் நேரில் பார்த்தபோது, ஒருவர்கூடச் சும்மா இல்லை. விற்றார்கள், தைத்தார்கள், வட்டிக்கு விட்டார்கள், சுமை தூக்கினார்கள். அரசாங்கப் பதிவேட்டில் மட்டும்தான் அவர்களுக்கு வேலை இல்லை. இந்த எண்ணத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1972இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட ஓர் அறிக்கை. அது கென்யாவைப் பற்றியது. ஆக, நைரோபி இந்தக் கதைக்கு நான் தேடிப் பிடித்த உதாரணம் இல்லை. கதை பெரிய அளவில் தொடங்கிய ஊர்களில் அதுவும் ஒன்று.

கென்ய மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் எனக்கு அறிக்கைப் பெயரைவிடப் பிடிக்கும். 'ஜுவா காலி'. சுவாஹிலியில் சுட்டெரிக்கும் வெயில் என்று பொருள். கூரை இல்லாமல் வெட்டவெளியில் தகரம் தட்டிப் பெட்டியும் அடுப்பும் செய்த தொழிலாளர்களைக் குறிக்கத்தான் இது வந்தது. நைரோபியில் கமுகுஞ்சி என்ற இடத்தில் அந்தத் தட்டும் சத்தத்தை இன்றும் கேட்கலாம். பிறகு பெயர் விரிந்து, பதிவும் சம்பளச் சீட்டும் இல்லாத எல்லாச் சிறுதொழிலுக்கும் ஆகிவிட்டது. கென்ய அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பில், சிறு விவசாயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வேலை செய்கிறவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் முறைசாராத் துறையில்தான் இருக்கிறார்கள். ஐந்து பேரில் நான்கு பேர் என்றால் அதை ஓரம் என்று எப்படிச் சொல்வது? அதுதான் நடு.

புதிதாகப் படிக்கிறவர்கள் வழக்கமாக ஓர் இடத்தில் தடுக்குவார்கள். முறைசாரா என்றால் சட்டவிரோதம் என்று எடுத்துக்கொள்வார்கள். தெருவில் தக்காளி விற்கும் பெண்மணியை நைரோபியில் 'மாமா ம்போகா' என்பார்கள், காய்கறி அம்மா என்று அர்த்தம். அவர் விற்பது தக்காளிதான், கள்ளக்கடத்தல் பொருள் இல்லை. மாநகர நிர்வாகத்துக்கு அவர் அன்றாடக் கட்டணம் கட்டுவதும் உண்டு. 2007இல் வந்த எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையில் வாடிக்கையாளரிடம் காசு வாங்குகிறார், அதாவது அவருடைய வரவுசெலவு ஒரு பெரிய நிறுவனத்தின் கணினியில் பதிவாகிறது. அவரிடம் இல்லாதது வேறு. உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாளையும் உட்காரலாம் என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை. காயம் பட்டால் விடுப்புச் சம்பளம் இல்லை. 'கான்ஜோ' என்று மக்கள் கூப்பிடும் மாநகரக் காவலர்கள் வண்டியில் வந்தால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். முறைசாரா என்பதன் சாரம் இந்த உத்தரவாதமின்மைதான்.

சரி, இப்போது வெளிநாட்டார் கட்டும் உட்கட்டமைப்புக்கு வருவோம். சீனா வந்தபிறகு தொடங்கிய விஷயம்போல இது பேசப்படுகிறது. நைரோபி என்ற ஊரே அப்படிப் பிறந்ததுதான். 1896இல் பிரிட்டிஷார் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். வேலைக்கு அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். 1899இல் தண்டவாளம் ஒரு சதுப்புச் சமவெளியை எட்டியது. மேட்டுநிலம் ஏறுவதற்கு முன் சாமான் இறக்கி வைக்க ஒரு பணிமனை வேண்டியிருந்தது. அந்தப் பணிமனைதான் நைரோபி. பாதை முன்னேற முன்னேற, அதன் ஓரத்தில் அரிசி, மாவு, துணி விற்கும் சின்னக் கடைகள் முளைத்தன. சுவாஹிலியில் கடைக்குப் பெயர் 'துகா', துகான் என்ற சொல்லின் உறவு. அந்தக் கடைகளை வைத்தவர்களில் பலர் இந்தியர்கள். ரயில் போட்டவர்கள் திட்டமிட்டது ரயிலைத்தான், கடைவீதி தானாக வந்தது. இது அன்றிலிருந்து திரும்பத் திரும்ப நடக்கிறது.

இன்று வெளிநாட்டுப் பணம் பல வழிகளில் வருகிறது. மானியமாக வரலாம், நைரோபியின் ங்கோங் சாலையை அகலப்படுத்திய வேலையின் முதல் பகுதி ஜப்பான் அரசின் உதவி. கடனாக வரலாம், மொம்பாசா–நைரோபி புதிய ரயில் பாதை அப்படி. விரைவுச்சாலைபோல, கட்டியவரே வைத்திருந்து வசூலித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தமாகவும் வரலாம். வட்டி எவ்வளவு, கடன் எவ்வளவு என்றுதான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதுவும் முக்கியம்தான். ஆனால் பணம் எந்த வழியில் வந்தது என்பது தெருவோரத்தில் உட்கார்ந்திருப்பவரையும் தொடுகிறது. இதற்கு என்னிடம் உள்ள சிறந்த உதாரணம் ரயில்.

2017 மே 31 அன்று மொம்பாசா–நைரோபி ரயில் திறக்கப்பட்டது. 470 கிலோமீட்டர் சொச்சம், முந்நூறு கோடி டாலருக்கு மேல் செலவு, அதில் பெரும்பங்கு சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கிக் கடன். கடனைத் திருப்ப ரயில் சம்பாதிக்க வேண்டும். பயணிகள் டிக்கெட்டில் அவ்வளவு வராது, சரக்கு வேண்டும். ஆனால் சரக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. லாரிக்காரர் சாமானை வாசலிலேயே இறக்கிவிடுவார், ரயில் அப்படிச் செய்யாது. ஆகவே சரக்கு தானாக ரயிலுக்கு வரவில்லை. 2019இல் அதிகாரிகள் ஓர் உத்தரவு போட்டார்கள்: நைரோபிக்கும் அதற்கு அப்பாலும் போகும் இறக்குமதிச் சரக்கு எல்லாம் ரயிலில்தான் போக வேண்டும்.

இந்த உத்தரவு யாரைப் பாதித்தது என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். முதலில் லாரி முதலாளி, ஓட்டுநர், கிளீனர். அதோடு நிற்கவில்லை. மொம்பாசாவிலிருந்து நைரோபி வரும் நெடுஞ்சாலையில் மரியாகானி, வோய், ம்டிட்டோ அண்டெய் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பல, லாரி நிற்பதை நம்பி வாழ்ந்த ஊர்கள். பஞ்சர் ஒட்டுகிறவர், டீயும் சப்பாத்தியும் விற்கிறவர், இரவு தங்க அறை விடுகிறவர், தார்ப்பாய் தைக்கிறவர், உதிரி பாகம் விற்கிறவர். மொம்பாசாவிலும் சரக்குக் கிடங்குகளைச் சுற்றி இதே கூட்டம். இவர்களில் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனவே 'இந்த உத்தரவால் இத்தனை வேலை போகும்' என்ற கணக்கில் முழுசாக வரவும் முடியாது. மொம்பாசாவில் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். உத்தரவு ஒத்திவைக்கப்பட்டது, ஆனாலும் சரக்கை ரயில் பக்கம் தள்ளும் அழுத்தம் நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் வில்லியம் ரூட்டோ அதிபராகப் பதவியேற்ற அன்றே, நைரோபிப் பக்கம் போயிருந்த துறைமுகச் சரக்கு விடுவிப்பு வேலைகள், அதாவது சோதனை முடித்துச் சரக்கை வெளியே விடும் வேலைகள், மொம்பாசாவுக்கே திரும்பும் என்று அறிவித்தார். பெய்ஜிங்கில் ஒரு வங்கி கொடுத்த கடனுக்கும் ம்டிட்டோ அண்டெயில் ஒருவர் வைத்திருந்த பஞ்சர் கடைக்கும் நடுவில் இருந்த கயிறு இதுதான். பஞ்சர் கடைக்காரருக்கு வங்கியின் பெயரே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து போக்குவரத்து. நைரோபிக்கு முதலில் முறையான பஸ் சேவை கொடுத்ததும் வெளிநாட்டவர்தான். 1934இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் கென்யா பஸ் சர்வீஸைத் தொடங்கியது. தடம், நேரம், டிக்கெட் எல்லாம் உண்டு. ஆனால் விடுதலைக்குப் பிறகு நகரம் வேகமாகப் பெருத்தது, பஸ் போகாத இடங்களில் மக்கள் குடியேறினார்கள். அங்கே பழைய வேன்களில் ஆள் ஏற்றத் தொடங்கினார்கள் சிலர். மூன்று பத்து சென்ட் காசு கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்கள். மூன்றுக்கு அங்கே 'டாட்டு', அதிலிருந்து வந்த பெயர் 'மட்டாட்டு'. உரிமம் இல்லாத வண்டிகள். 1973இல் அதிபர் ஜோமோ கென்யாட்டா, உரிமம் இல்லாமலே அவை ஓடலாம் என்று ஆணையிட்டார். அதன்பிறகு மட்டாட்டுவைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. 1991இல் பிரிட்டனின் ஸ்டேஜ்கோச் நிறுவனம் அந்தப் பஸ் சேவையின் பெரும்பங்கை வாங்கிப் பார்த்தது, 1998இல் விற்றுவிட்டுப் போய்விட்டது.

மட்டாட்டுவை ஒரு தொல்லையாக மட்டும் பார்க்கிறவர்கள் நிறைய. கண்டபடி நிறுத்துகிறார்கள், மழை பெய்தால் கட்டணத்தை ஏற்றுகிறார்கள், பாட்டை அலற விடுகிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. 2014இல் நைரோபிப் பல்கலைக்கழகமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, மாணவர்களை மட்டாட்டுவில் ஏற்றி, கைப்பேசியில் தடம் பதிந்து, ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். 130க்கும் மேற்பட்ட தடங்கள். அது மெட்ரோ ரயில் வரைபடம்போலவே இருந்தது! யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஓட்டுநர், நடத்துநர், நிறுத்தத்தில் ஆள் கூப்பிடுகிறவர், பயணி எல்லோரும் ஆண்டுக்கணக்கில் பேரம் பேசிப் பேசி உருவான ஓர் ஒழுங்கு அது. எனக்கு அந்த வரைபடத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. சிமென்ட்டால் கட்டியது மட்டும்தான் உட்கட்டமைப்பு என்ற எண்ணத்தை அது உடைத்துவிட்டது.

இப்படிப்பட்ட நகரத்தின் மேல் ஒரு பெரிய சாலை வந்து இறங்கும்போது என்ன ஆகும்? கட்டும் காலத்தில் கொஞ்சம் நல்ல காலம் வரும். தினக்கூலிக்கு ஆள் எடுப்பார்கள். வேலையிடத்து வாசலில் கிதேரி விற்கும் பெண்கள் வந்துவிடுவார்கள், கிதேரி என்பது மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த சாப்பாடு. ஆனால் அதற்கு முன்பே ஒரு வெளியேற்றம் நடந்திருக்கும். நைரோபியின் பெரிய சாலைகளுக்கு இருபுறமும் பிற்காலத்தில் அகலப்படுத்த விட்டுவைத்த நிலம் உண்டு. வரைபடத்தில் அது காலி. நேரில் போய்ப் பார்த்தால் மரக்கன்று விற்பவர், கட்டில் நாற்காலி செய்பவர், பழைய துணி விற்பவர் என்று நிரம்பியிருக்கும். ங்கோங் சாலையோரத் தச்சர்கள் ஊரறிந்தவர்கள். செய்த சோபாவைச் சாலையிலேயே வைத்து விற்பார்கள், காரில் போகிறவர் பார்த்ததும் நிறுத்துவார். சாலையை அகலமாக்கினால் முதலில் போவது அந்த வியாபாரம்தான். அவர்களை இரண்டு தெரு தள்ளி உள்ளே உட்கார வைத்தால் தச்சு வேலை தெரியும், மரம் இருக்கும், கருவி இருக்கும். நிறுத்திப் பார்க்கும் கார் இருக்காது. முறைசாரா வியாபாரத்தில் இடம் என்பதே பாதி மூலதனம்.

இதை மாநகராட்சிகள் புரிந்துகொள்ளாமல் பட்ட அனுபவமும் நைரோபியில் உண்டு. தெருவியாபாரிகளை நகர மையத்திலிருந்து எடுக்க, பழைய ரயில்வே நிலத்தில் முத்துர்வா என்ற சந்தையை 2000களின் பிற்பகுதியில் கட்டிக் கொடுத்தார்கள். போனவர்களில் பலர் திரும்பித் தெருவுக்கே வந்துவிட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறவர் போகிற வழியில் இருந்தால்தான் தக்காளி வாங்குவார்.

சாலை திறந்தபிறகு அடுத்த கட்டம். 2012இல் முடிந்த திகா சாலையைப் பாருங்கள். நைரோபியிலிருந்து திகா வரை 50 கிலோமீட்டர், சில இடங்களில் எட்டு வழி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் பணமும் சீனக் கடனும் சேர்ந்து, மூன்று சீன நிறுவனங்கள் பகுதி பகுதியாகக் கட்டியது. கார்கள் பறந்தன. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு என்று இருந்தவர்கள் எட்டு வழியை ஓடிக் கடந்தார்கள், அடிபட்டார்கள். சில இடங்களில் அதிவேகச் சாலையிலேயே வேகத்தடை போட வேண்டியதாயிற்று. பிறகு நடைமேம்பாலங்கள் கூடின. மேம்பாலம் வந்தால் அதன் படிக்கட்டில் எல்லோரும் குவிந்து ஏறி இறங்குவார்கள், அங்கே சாக்ஸ், கைப்பேசி உறை, வாழைப்பழம் விற்பவர் வந்து உட்காருவார். கீழே 'போடா போடா' எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சிகள் நிற்கும். பார்டர் என்ற சொல் மருவி வந்த பெயர் அது. கித்துராய் போன்ற இடங்களில் சந்தையும் நிறுத்தமும் சாலையும் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. பொறியாளர் போட்ட கோட்டை மக்கள் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொள்கிறார்கள். இதை அத்துமீறல் என்று எழுதலாம். வரைபடத்தில் விடுபட்டதை மக்கள் நிரப்பினார்கள் என்றும் எழுதலாம், நான் இரண்டாவதைத்தான் எழுதுவேன்.

விரைவுச்சாலையில் அந்த வளைத்தல் நடக்க வழியில்லை, எல்லாம் தூணுக்கு மேலே. சிறிய கார்களுக்குத் தொடக்கத்தில் தூரத்தைப் பொறுத்து 120 முதல் 360 ஷில்லிங் வரை கட்டணம். 2024 தொடக்கத்தில் அது 170 முதல் 500 வரை ஆனது, ஷில்லிங்கின் மதிப்பு சரிந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். மேலே போக முடிந்தவருக்கு நீண்ட நேரப் பயணம் இருபது நிமிட அளவுக்குச் சுருங்குகிறது, அது நல்ல விஷயம்தான். கீழே இருப்பவருக்கு நிழல் கிடைத்தது, பழைய நெரிசல் மிச்சமிருக்கிறது.

கட்டும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வெஸ்ட்லண்ட்ஸில் வையாக்கி சாலையோரம் நூறு வயதை நெருங்கிய பெரிய அத்தி மரம் ஒன்று நின்றது. கிக்குயு மக்களுக்கு அந்த இன மரம் புனிதமானது. விரைவுச்சாலைக்காக அதை அகற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சூழல் ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். 2020 நவம்பரில் அதிபர் ஆணை வந்தது, மரம் தப்பியது. அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் அதே சாலையோரத்தில் பிழைத்தவர்களுக்கு அப்படி ஓர் ஆணை வரவில்லை. மரம் அங்கே இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. கடைக்காரர் அங்கே இருந்ததைக் காகிதத்தில் காட்ட முடியாது.

இங்கேதான் பணம் எங்கிருந்து வந்தது என்பது மறுபடி முக்கியமாகிறது. உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி போன்றவை கடன் கொடுக்கும்போது, திட்டத்தால் இடம் பெயர்கிறவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. பட்டா இல்லாதவரையும் ஓரளவு கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. சீன வங்கிகள் பொதுவாக, அந்தந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுவே போதும் என்று விட்டுவிடும். நாட்டுச் சட்டம் நில உரிமையாளரைப் பார்க்கும் அளவுக்குப் பெட்டிக்கடைக்காரரைப் பார்ப்பதில்லை. நிபந்தனை இருந்தாலும் நடைமுறையில் எல்லாம் சரியாக நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் போய்க் கேட்க ஒரு கதவாவது இருக்கும்.

அப்படி ஒரு கதவு திறந்த இடம் கிபேரா. நைரோபியின் மிகப் பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று, அதன் நடுவே ஓடுவது பிரிட்டிஷார் போட்ட அதே பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை ஒட்டி வீடுகளும் கடைகளும் நெருக்கியடித்து இருந்தன. ரயில் வரும் நேரம் தெரிந்து பொருளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், போனதும் மறுபடி பரப்புவார்கள். 2000களில் இவர்களை அப்படியே தூக்கி எறியத் தொடங்கியபோது மக்கள் எதிர்த்தார்கள். உலக வங்கி ஆதரவோடு ஓர் இடமாற்றத் திட்டம் வந்தது. வீடு வீடாக, கடை கடையாக ஆள் எண்ணினார்கள். சொந்தக்காரர் யார், வாடகைக்கு இருப்பவர் யார், வியாபாரம் மட்டும் செய்கிறவர் யார் என்று பிரித்து எழுதினார்கள். எல்லாம் முடிய பல ஆண்டுகள் ஆயின. கடைசியில் பாதைக்குப் பக்கத்திலேயே, பழைய வாடிக்கையாளர்கள் நடந்து போகும் அதே வழியில், வீடுகளும் சின்னச் சின்னக் கடை அறைகளும் வரிசையாகக் கட்டிக் கொடுத்தார்கள். ரயில் இன்றும் அந்த வழியாகத்தான் போகிறது.